அரிய கார் எது? மெர்சிடிஸ் 300 எஸ்.எல்., பி.எம்.டபிள்யூ. 507 – ஓர் ஒப்பீடு

(பொம்மையார்பாளையத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோட்டக்குப்பத்தைத் தாண்டிக் காலாப்பட்டு போகிற வழியில் இருக்கிற நம் பொம்மையார்பாளையத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக ஒரு சனிக்கிழமை காலை நின்றால் போதும். விலை உயர்ந்த கார் என்று எதையெல்லாம் சொல்கிறோமோ அதெல்லாம் கண்ணெதிரே போகும். சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வருகிறவர்களின் வண்டிகள் அவை. கையில் பணம் இருந்தால் ஷோரூமுக்குப் போய் அதே வண்டியை நாமும் வாங்கலாம். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட இரண்டு கார்கள் அப்படிக் கிடைக்காதவை. ஒன்று மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல்., மற்றொன்று பி.எம்.டபிள்யூ. 507. இரண்டும் 1950களில் மேற்கு ஜெர்மனியில் செய்யப்பட்டவை. முதலாவதில், கதவு இறக்கை மாதிரி மேலே திறக்கிற கூப்பே ரகம் 1,400 மட்டுமே வெளிவந்தது. இரண்டாவது வண்டி, பொதுவாகச் சொல்லப்படும் கணக்குப்படி, மொத்தமே 252.

இந்த இரண்டில் எது மேல் என்பது பழைய கார் சேர்ப்பவர்கள் நடுவே ஓயாத வழக்கு. அதில் முதலில் எடுத்து வைக்கப்படும் வாதம் எப்போதும் இந்த எண்ணிக்கைதான். குறைவாக இருப்பது உயர்ந்தது, அவ்வளவுதானே என்பார்கள். இதை நான் ஏற்கவில்லை. ஒரு வண்டியில் பிறந்தபோது இருந்தது எவ்வளவு மிச்சம் இருக்கிறது, அதற்குக் காகிதச் சாட்சி உண்டா, அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கை எங்கே இருக்கிறது: இந்த மூன்றையும் கேட்காமல் அரிய கார் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காருக்கும் நமக்கும் என்ன ஒட்டு உறவு என்று சிலர் நினைக்கலாம். உறவு இருக்கிறது. 300 எஸ்.எல். முதன்முதலில் மக்கள் பார்வைக்கு வந்தது 1954 பிப்ரவரியில், நியூயார்க் மோட்டார் கண்காட்சியில். அதே 1954-இல்தான் டாடாவின் டெல்கோ நிறுவனம் மெர்சிடிஸைச் செய்த டைம்லர் பென்ஸுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பித்தது. 1969 வரை, பதினைந்து ஆண்டுகள், நம் சாலையில் ஓடிய டாடா லாரிகளின் முகப்பில் அந்த மூன்று முனை நட்சத்திரம் இருந்தது. நம் பக்கத்துச் சவுக்குக் கட்டையையும் நெல் மூட்டையையும் சுமந்த வண்டி அது. பென்ஸ் லாரி என்றே பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பி.எம்.டபிள்யூ.வைப் பொறுத்தவரை, 2007 முதல் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் அவர்களுடைய தொழிற்சாலை இயங்குகிறது. அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் இந்த மாவட்டத்திலும் உண்டு. ஆகவே இரண்டு கம்பெனியும் நமக்கு அந்நியம் இல்லை.

இரண்டு காருக்கும் பின்னால் நின்றவர் ஒரே ஆள். பெயர் மாக்ஸ் ஹாஃப்மன். ஆஸ்திரியாவில் பிறந்து நியூயார்க்கில் கடை போட்டு, ஐரோப்பியக் கார்களை அமெரிக்கப் பணக்காரர்களுக்கு விற்றவர். எந்த வாடிக்கையாளருக்கு எது பிடிக்கும் என்று நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்தவர். பந்தயத்தில் ஓடுகிற உங்கள் வண்டியைச் சாலையில் ஓட்டுகிற மாதிரி செய்து கொடுங்கள், நான் விற்றுத் தருகிறேன் என்று மெர்சிடிஸை நெருக்கியவர் அவர். அதற்குப் பிறகு பி.எம்.டபிள்யூ.விடம் போய், மலிவான ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் விலை கூடிய 300 எஸ்.எல்.லுக்கும் நடுவே ஒரு இடம் காலியாக இருக்கிறது, அதில் உட்கார ஒரு வண்டி வேண்டும் என்றவரும் அவரே. 507 அப்படிப் பிறந்தது. முதல் வண்டிக்கு அவர் போட்ட கணக்கு பலித்தது. இரண்டாவதில் தப்பியது.

முதலில் 300 எஸ்.எல். அதன் மூலம் 1952-இன் பந்தய வண்டி. போர் முடிந்து ஏழு ஆண்டுகூட ஆகவில்லை, மெர்சிடிஸின் கையில் புதிய பந்தய இன்ஜின் செய்யப் பணமில்லை. தங்களுடைய பெரிய 300 ரகக் குடும்பக் காரின் ஆறு சிலிண்டர் இன்ஜினையே எடுத்தார்கள். அது கனமான இன்ஜின். அந்தக் கனத்தை ஈடுகட்ட வண்டியின் மற்ற பாகத்தை இலேசாக்க வேண்டியிருந்தது. ரூடோல்ஃப் ஊலன்ஹவுட் என்ற பொறியாளர் மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்து ஒரு கூடு கட்டினார். அந்த 1952-இல் இந்த வண்டி பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. மெக்சிகோவின் குறுக்கே நடந்த கரேரா பானமெரிக்கானா பந்தயத்திலும் வென்றது. அங்கே வேகமாகப் போய்க்கொண்டிருந்த வண்டியின் முன்கண்ணாடியில் ஒரு கழுகு மோதி உள்ளே விழுந்தது. பக்கத்தில் இருந்த ஹான்ஸ் கிளெங்குக்கு முகமெல்லாம் காயம். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு வழி சொல்லிக்கொண்டே வந்தார், கார்ல் கிளிங் ஓட்டி முடித்தார். அடுத்த கட்டத்துக்கு முன்கண்ணாடிக்கு முன்னால் எஃகுக் கம்பிகளை வரிசையாகக் கட்டிக்கொண்டு போனார்கள்.

அந்தக் குழாய்க் கூட்டின் கதைதான் கதவின் கதையும். பலம் வேண்டுமென்றால் கூட்டின் பக்கவாட்டுக் குழாய்கள் உயரமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் சாதாரணக் கதவு வைக்க இடம் இல்லை. ஆகவே கீலைக் கூரையில் கொண்டுபோய் வைத்து, கதவை மேல்நோக்கித் திறக்க விட்டார்கள். அழகுக்காகச் செய்தது என்று பலர் எழுதுகிறார்கள். அவசியத்தில் பிறந்த கதவு அது. சாலைக்கு வந்த வண்டியிலும் அந்தக் கூட்டின் எடை 82 கிலோதான். வாசற்படி மாதிரி அகலமான பக்கச் சுவரைத் தாண்டிக் காலை உள்ளே வைத்துத்தான் உட்கார முடியும். கால் போக இடம் விடுவதற்காக ஸ்டியரிங் சக்கரமே மடங்குகிற மாதிரி செய்திருந்தார்கள்.

இனி நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிற இடம் வருகிறது: எரிபொருள் பம்பு. அந்தக் காலத்தில் பெட்ரோல் கார் என்றால் கார்புரேட்டர். 300 எஸ்.எல்.லில் கார்புரேட்டர் கிடையாது. பாஷ் கம்பெனியின் பம்பு ஒன்று பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சியது. நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜினில் இந்த முறையோடு விற்பனைக்கு வந்த முதல் கார் இதுதான். போர் விமான இன்ஜின்களில் டைம்லர் பென்ஸும் பாஷும் கற்ற வித்தை அது. 2,996 சிசி இன்ஜின் 215 குதிரைத் திறன் கொடுத்தது. பின் ஆக்சிலின் பல்விகிதத்தைப் பொறுத்து மணிக்கு 260 கிலோமீட்டர் வரை போகும் என்றார்கள். அந்த நாளில் சாலைக் கார் எதுவும் அந்த எண்ணைத் தொடவில்லை.

இங்கே டீசல் பம்பு வேலை தெரிந்தவர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இந்தப் பம்பை நான் விளக்க வேண்டியதில்லை. பாஷின் கூட்டில் 1951-இல் தொடங்கிய மைக்கோ கம்பெனியின் பம்பை நீங்கள் எத்தனையோ முறை பிரித்திருப்பீர்கள். கீழே கேம் ஷாஃப்ட், அதற்கு மேலே சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையில் நிற்கிற பிளஞ்சர்கள், பக்கத்தில் அவற்றைத் திருப்புகிற ரேக். பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, ஆறு குழாயிலிருந்தும் விழுகிற எண்ணெயைக் கண்ணாடிக் குழாய்களில் பிடித்து, ஆறும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று கண்ணை அந்த மட்டத்துக்குக் குனிந்து பார்ப்பீர்களே, 300 எஸ்.எல். பம்புக்கும் சாரமான வேலை அதுதான். டீசலுக்கு இருக்கிற வழவழப்பு பெட்ரோலுக்குக் கிடையாது. அதனால் உள்ளே தேய்மானத்தைக் கவனிக்கிற விதம் மாறும், அளவுகள் மாறும். குடும்பம் ஒன்றே. உலகத்தின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரின் இதயம், திண்டிவனத்தில் லாரி பம்பு பார்க்கிற ஒரு மெக்கானிக்குக் கை பழகிய பொருளுக்கு உறவு என்பதை நான் பெருமையோடு சொல்கிறேன்.

குறையும் இருந்தது. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்த பிறகும், அது சுழன்று நிற்கும் வரைக்கும் பம்பு பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே போய் ஆயிலோடு கலக்கும். அடிக்கடி ஆயில் மாற்றாதவர்களின் இன்ஜின் சீக்கிரம் கெட்டது. ஏறக்குறைய 1,600 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்லியிருந்தார்கள். வாங்க நினைக்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வண்டியின் நிறமோ சீட்டுத் தோலோ அல்ல, ஆயில் மாற்றிய பதிவு எங்கே என்பதுதான்.

இன்னொரு குறை பின் ஆக்சில். வளைவில் வேகமாகப் போகும்போது திடீரென்று காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தால் பின்சக்கரங்கள் உள்நோக்கி மடங்கும். வண்டியின் பின்பாகம் சுழன்றுவிடும். அனுபவசாலி ஓட்டுநர்களே இதில் அடிபட்டார்கள். 1957-இல் கூப்பேயை நிறுத்திவிட்டுத் திறந்த ரோட்ஸ்டர் ரகத்தைக் கொண்டு வந்தபோது, ஆக்சிலின் சுழல் மையத்தைத் தாழ்த்தி இதைப் பெருமளவு சரி செய்தார்கள். கதவும் வழக்கமான கதவாகிவிட்டது. 1963 வரை 1,858 ரோட்ஸ்டர்கள் வந்தன. புகைப்படத்தில் கூப்பேதான் எல்லோருக்கும் பிடிக்கிறது. ஓட்டுவதற்கு ரோட்ஸ்டர்தான் நல்ல வண்டி.

இப்போது 507. இதை வரைந்தவர் ஆல்பிரெக்ட் கோர்ட்ஸ். ஜெர்மனியில் பிரபுக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். ஹாஃப்மன்தான் இவரையும் பிடித்துக் கொடுத்தார். 1955-இல் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் வண்டியைக் காட்டினார்கள். நீண்ட பானெட், குட்டையான பின்பாகம், பக்கவாட்டில் ஒரு கோடு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கி மறுபடி ஏறுகிற மாதிரி. எழுபது ஆண்டு கழித்தும் அந்த வடிவத்தில் கூட்டவும் குறைக்கவும் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. 300 எஸ்.எல்.லின் அழகு பொறியாளரின் கணக்கிலிருந்து வந்தது. 507-இன் அழகு ஒருவர் பென்சிலை எடுத்து, அழகாக இருக்க வேண்டும் என்றே வரைந்தது. அழகை மட்டும் வைத்துத் தீர்ப்பு என்றால் என் ஓட்டு 507-க்கே.

உள்ளே 3,168 சிசி எட்டு சிலிண்டர் அலுமினிய இன்ஜின், 150 குதிரைத் திறன், கார்புரேட்டர். இரண்டு வண்டியும் எடையில் 1,300 கிலோவை ஒட்டியவை. அப்படியிருக்க 65 குதிரை குறைவு என்பது பந்தயத்தில் பெரிய வித்தியாசம். 507-க்குப் பந்தயப் பூர்வீகமும் கிடையாது. சேஸியையும் இன்ஜினையும் பி.எம்.டபிள்யூ.வின் பெரிய குடும்பக் கார்களிலிருந்து எடுத்துச் சுருக்கிக் கொடுத்தார்கள்.

அதன் பாடி முழுக்க அலுமினியம், கையால் தட்டியது. அலுமினியம் தட்டுகிற வேலையை இங்கே இருக்கிற டிங்கர்களுக்காக ஒரு நிமிடம் சொல்கிறேன். தகரம் நமக்குப் பழக்கம். சூடேற்றினால் சிவக்கும், எப்போது நிறுத்துவது என்று கண்ணுக்குத் தெரியும். அலுமினியம் தட்டத் தட்ட இறுகும், இறுகினால் விரிசல் விடும், ஆகவே நடுநடுவே சூடேற்றி இளக்கியாக வேண்டும். ஆனால் அது நிறம் மாறாமலே இருந்துவிட்டுச் சட்டென்று உருகி ஓட்டையாகிவிடும். அதற்குப் பழைய கைவினைஞர்கள் செய்த உபாயம், தகட்டின்மேல் சோப்புக் கட்டியால் ஒரு கோடு தேய்ப்பது. சூடு ஏற ஏற அந்தச் சோப்பு பழுப்பாகிக் கருக்கும், அந்த நேரத்தில் தீயை எடுத்துவிடுவார்கள். மரச் சுத்தியால் மெல்ல மெல்ல வளைவு கொடுப்பார்கள். அப்படி ஒவ்வொன்றாகத் தட்டியதால் ஒரு 507-இன் கூரை இன்னொரு 507-க்குப் பொருந்தாது. கழற்றி மாட்டுகிற அந்தக் கூரை எந்த வண்டிக்குச் செய்தார்களோ அதற்கு மட்டும்தான் உட்காரும். பட்டி பூசி மட்டம் கட்டி மறைத்துவிடலாம் என்று அங்கே எதுவும் நடக்காது.

அந்தக் கைவேலைதான் கம்பெனியின் கணக்கைக் கவிழ்க்கவும் செய்தது. ஹாஃப்மன் எதிர்பார்த்த விலை 5,000 டாலர். வண்டி அமெரிக்காவில் கடைக்கு வரும்போது அது 9,000-க்கு மேல் போய்விட்டது. ஜெர்மனியில் 507-இன் விலை 26,500 மார்க், 300 எஸ்.எல். கூப்பே 29,000 மார்க். அவ்வளவு கொடுக்கிறவர் இன்னும் கொஞ்சம் போட்டுப் பந்தயத்தில் வென்ற வண்டியை வாங்கிக்கொள்ள மாட்டாரா? வாங்கிக்கொண்டார்கள். 1956-இல் தொடங்கிய 507 உற்பத்தி 1959-இல் நின்றது. பி.எம்.டபிள்யூ. கடனில் மூழ்கியது. 507 மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், பெரிய கார்கள் எல்லாமே நட்டம். 1959 டிசம்பர் 9 அன்று மியூனிக்கில் பங்குதாரர் கூட்டம். டைம்லர் பென்ஸ் கம்பெனி பி.எம்.டபிள்யூ.வை எடுத்துக்கொள்வது என்ற திட்டம் மேசைமேல் இருந்தது. சிறு பங்குதாரர்கள் மணிக்கணக்கில் சண்டை போட்டு அதைத் தடுத்தார்கள். பிறகு ஹெர்பர்ட் குவாண்ட் என்ற தொழிலதிபர் தன் பணத்தைப் போட்டுக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தினார். 300 எஸ்.எல்.லைச் செய்த வீடு 507-ஐச் செய்த வீட்டை விழுங்கப் பார்த்த கதை இது. இந்த இரண்டு கார்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுவதற்கு இதைவிட நல்ல நியாயம் வேண்டாம்.

இனி சேகரிப்பவர் கண்ணால் பார்ப்போம். இரண்டே இரண்டு 507 வண்டிகளின் வரலாற்றைச் சொன்னால் போதும்.

ஒன்று அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் வண்டி. அவர் அமெரிக்க ராணுவத்தில் கட்டாயச் சேவைக்காக 1958-இல் ஜெர்மனிக்கு வந்தபோது வாங்கியது. அதற்கு முன் ஹான்ஸ் ஸ்டுக் என்ற பந்தய வீரர் அதை மலையேற்றப் பந்தயங்களில் ஓட்டியிருந்தார். வெள்ளை நிறம். ரசிகைகள் லிப்ஸ்டிக்கால் அதன்மேல் காதல் குறிப்பு எழுதிவிட்டுப் போனார்களாம், அதனால் சிவப்புப் பெயின்ட் அடிக்கச் சொன்னார் என்று சொல்வார்கள். பிறகு வண்டி அமெரிக்காவுக்குப் போயிற்று. கைமாறியது. வாங்கியவர் அதன் இன்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு செவர்லே இன்ஜினை ஏற்றினார். 1968-இல் இன்னொருவர் கைக்கு வந்து, கலிஃபோர்னியாவில் பூசணிக்காய் வைக்கும் கிடங்கு ஒன்றில் பல ஆண்டுகள் கிடந்தது. சேஸி எண்ணை வைத்து அதுதான் எல்விஸின் வண்டி என்று உறுதி செய்தார்கள். பி.எம்.டபிள்யூ. கிளாசிக் பிரிவு இரண்டு ஆண்டு உழைத்தது. இன்ஜினை உதிரிபாகங்களைக் கொண்டு புதிதாகக் கட்டினார்கள். கதவுக் கைப்பிடியையும் கண்ணாடி ஏற்றும் பிடியையும் முப்பரிமாண அச்சில் எடுத்தார்கள். 2016 ஆகஸ்டில் பெப்பிள் பீச் பழைய கார் காட்சியில் வெள்ளை நிறத்தில் பளபளவென்று வந்து நின்றது.

மற்றது ஜான் சர்ட்டீஸின் வண்டி. மோட்டார் சைக்கிளிலும் ஃபார்முலா ஒன் காரிலும் உலகச் சாம்பியன் ஆன ஒரே மனிதர் அவர். 1957-இல் புதிதாக வாங்கினார். 2017-இல் இறக்கும் வரை அவரிடமே இருந்தது. அறுபது ஆண்டு, ஒரே கை. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட்டது போன்ற மாற்றங்களையும் அவர் தன் காலத்திலேயே, தன் கண் பார்க்கச் செய்தார். 2018 ஜூலையில் இங்கிலாந்தின் குட்வுட் ஏலத்தில் 38 லட்சம் பவுண்டுக்குப் போயிற்று. அதுவரை எந்த 507-உம் அந்த விலையைக் காணவில்லை.

இரண்டும் ஒரே மாடல், இரண்டின் சொந்தக்காரர்களும் உலகப் புகழ். ஆனாலும் எனக்கு ஒன்றைக் கொடுப்பதாக இருந்தால் நான் யோசிக்காமல் சர்ட்டீஸின் வண்டியைத்தான் கேட்பேன். எல்விஸ் வண்டியை மீட்ட கைவினைஞர்களுக்கு என் மரியாதை உண்டு. அவர்கள் செய்தது மகத்தான வேலை. ஆனால் எல்விஸ் காதால் கேட்ட இன்ஜின் அதில் இல்லை. அது ஒருமுறை போனால் போனதுதான்.

300 எஸ்.எல்.லிலும் இதே பாடம் வேறு விதமாக வருகிறது. 1,400 கூப்பேக்களில் 29 மட்டும் முழு அலுமினியப் பாடியோடு செய்யப்பட்டவை. மற்றவை எஃகுப் பாடி, கதவு, பானெட், டிக்கி மூடி போன்றவை மட்டும் அலுமினியம். எஃகுக் கூப்பே பத்து லட்சம் டாலரைத் தாண்டி விற்கும்போது, அந்த 29-இல் ஒன்று 2022 ஜனவரியில் அமெரிக்காவில் 68 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. ஆகவே கூப்பே வாங்குகிறவர்கள் காந்தத்தையும் சேஸி எண்ணையும் கம்பெனியின் பழைய பதிவேட்டு நகலையும் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். எஃகுப் பாடியைக் கழற்றிவிட்டு அலுமினியம் மாட்டியிருந்தால் அந்தக் காகிதம் காட்டிக் கொடுத்துவிடும். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2022 மே மாதம் 13.5 கோடி யூரோவுக்கு விற்ற மெர்சிடிஸ் கூப்பே பற்றி எல்லாப் பத்திரிகையிலும் செய்தி வந்தது. அது 300 எஸ்.எல்.ஆர்., பந்தய ரகம், உலகத்தில் இரண்டே இரண்டு. ஓர் எழுத்துதான் வித்தியாசம், வண்டி முற்றிலும் வேறு. இதைக் குழப்பிக்கொண்டு யாரும் விலை பேசாதீர்கள்.

சரி, இந்த இரண்டில் ஒன்று நம் ஊருக்கு வந்தால் என்ன ஆகும்? கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். படகு இன்ஜினை வைத்துப் பிழைக்கிற மீனவ அண்ணன்மார்களுக்கு உப்புக் காற்று இரும்பையும் அலுமினியத்தையும் என்ன செய்யும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இரும்பைத் துரு தின்னும். அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பொரியும். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால், அங்கே ஒரு சின்ன பேட்டரியே வேலை செய்ய ஆரம்பித்து அலுமினியத்தை வேகமாக அரிக்கும். 507-இல் அலுமினியப் பாடி முழுக்க எஃகுச் சட்டத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. எங்கெங்கே இரண்டும் சந்திக்கிறதோ அங்கெல்லாம் இந்த வியாதி வரும். 300 எஸ்.எல்.லில் கதவு, பானெட் என்று கழற்றி எடுத்துப் பார்க்கக்கூடிய இடங்களில் வரும். ஆனால் அதன் குழாய்க் கூட்டுக்குள் துரு பிடித்தால் வெளியே தெரியாது. நம் கடற்கரைக்கு இரண்டும் ஆகாது. திண்டிவனத்துக்கு மேற்கே வறண்ட இடத்தில் வைத்துக்கொண்டு, விழாவுக்கு மட்டும் இங்கே கொண்டு வரலாம்.

சட்டத்தின் கதவும் இப்போது கொஞ்சம் திறந்திருக்கிறது. முன்பு 1950-க்கு முன்னால் செய்யப்பட்ட கார்களைத்தான் பழம்பொருள் என்று இறக்குமதி செய்ய விட்டார்கள். அந்தக் கணக்குப்படி நாம் பேசும் இரண்டுக்கும் இடமில்லை. 2025-இல் அதை மாற்றி, 50 ஆண்டு முடிந்த எந்த வண்டியும் வரலாம் என்று வைத்தார்கள். ஆண்டு நகர நகர வரம்பும் நகரும். வரி மட்டும் மிகக் கடுமை. நாட்டுக்குள் இருக்கிற வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000. கண்காட்சிக்கும் பேரணிக்கும் பழுதுபார்க்கவும் சாலையில் எடுத்துப் போகலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது.

இந்த விதியில் நான் கோடிட்டுக் காட்ட விரும்புவது 'பெரிய மாற்றம் செய்யப்படாத' என்ற நிபந்தனையை. நம் பக்கம் என்ன செய்தோம்? பெட்ரோல் விலைக்குப் பயந்து அம்பாசடரில் டீசல் இன்ஜினை ஏற்றினோம். பழைய இன்ஜினை எடைக்குப் போட்டோம். குடும்பக் கஷ்டத்தில் செய்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எல்விஸின் வண்டிக்கு அமெரிக்காவில் நடந்ததும் இதேதான். அங்கே ஒரு பெரிய கம்பெனி இரண்டு ஆண்டு செலவழித்துத் திரும்பக் கட்டியது. நமக்கு அப்படிக் கட்டித் தர யாரும் இல்லை.

தமிழ்நாட்டில் பார்க்க இடம் இருக்கிறது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு பெயரால் நடக்கிற கார் அருங்காட்சியகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். சென்னையில் ஏ.வி.எம். வளாகத்தில் 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தில் சினிமாக் கருவிகளோடு பழைய கார்களும் இருக்கின்றன. வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள். பெயின்டைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

என் தீர்ப்பைக் கேட்டீர்கள் என்றால் சொல்லிவிடுகிறேன். இயந்திரம் என்ற வகையில் 300 எஸ்.எல். பெரியது, அதில் ஒரு யுகத்தின் அறிவு இருக்கிறது. ஓட்ட வேண்டும் என்றால் அதன் ரோட்ஸ்டர். 507 அதைவிட அரியது, அதைவிட அழகு, ஆனால் பொறியியலில் அதற்குக் கீழே. பணம் போடுகிறவர் மாடல் பெயரைப் பார்த்துப் போடாமல், அந்த ஒரு தனி வண்டியின் எண்ணையும் காகிதத்தையும் பார்த்துப் போட வேண்டும். முழுச் சாட்சியோடு ஒரு எஃகுக் கூப்பேயும், பாதி வரலாறு தொலைந்த ஒரு 507-உம் ஒரே விலைக்கு வந்தால், 252 என்ற எண்ணைப் பார்த்து மயங்காமல் கூப்பேயை எடுங்கள்.

தொழில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டர் வைத்துப் பழுது கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அது சோறு போடும். அதோடு பம்பு கேலிபரேஷனையும், கார்புரேட்டரையும், அலுமினியம் தட்டுவதையும் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். 50 ஆண்டு வரம்பு நகர்ந்துகொண்டே வருகிறது. வேலை கேட்டு வண்டிகள் வரும், அப்போது கை வேண்டும்.

வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். அது ஜெர்மன் காராக இருக்க வேண்டியதில்லை. தாத்தா ஓட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, ஃபியட்டோ, புல்லட்டோ எதுவானாலும் சரி. இன்று இரவே ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். சேஸி எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துப்போனால் அந்த இன்ஜினை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றி விற்காதீர்கள், பழைய பில்களைக் கிழித்துப் போடாதீர்கள். எடைக்குப் போடுவதற்கு முன்னால் விஷயம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு வண்டியைக் காட்டிக் கேளுங்கள்.